மலையகத் தோட்டங்களுக்கு உதவி அனுப்ப நினைக்கும் சபைகளுக்கு: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

இலங்கை மலையகத் தோட்டங்களில் துன்பப்படும் குடும்பங்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற பேச்சு கோலாலம்பூர்த் தமிழ்ச் சபைகளில் அடிக்கடி எழுகிறது. 2022இல் அந்நாட்டைத் தாக்கிய பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அது இன்னும் கூடியிருக்கிறது. ஆனால் பெரும்பாலும் வேலை தொடங்கும் விதம் ஒன்றுதான். ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பு வருகிறது, அடுத்த வாரமே மண்டபத்தின் ஓரத்தில் துணி மூட்டைகளும் பால்மா டின்களும் குவிகின்றன, அதன் பிறகுதான் இவற்றை யாருக்கு, எந்த வழியாக, எந்த அனுமதியோடு அனுப்புவது என்ற கேள்வி எழுகிறது. எங்கள் சபையின் நிவாரணக் குழுவுக்காக வங்கிக்கும் சரக்கு அலுவலகத்துக்கும் நடையாய் நடந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த வேலையில் வரும் தொல்லைகளில் பெரும்பங்கு வரிசை தலைகீழாக இருப்பதால் வருவது. காணிக்கை சேர்ப்பது முதல் வேலையாக இருக்கவே கூடாது. காகிதங்கள் கைக்கு வந்த பிறகே அதைத் தொடங்க வேண்டும்.

பணம் மட்டும் அனுப்புவதானால் மூன்று மாதங்களும், பொருளோ ஆளோ போவதானால் ஆறு மாதங்களும் கையில் வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். கீழே உள்ளது அட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை வட்டாரங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

1. அங்கே பொறுப்பேற்கும் அமைப்பை உறுதி செய்யுங்கள்

தெரிந்த ஒரு போதகரின் தொலைபேசி எண் போதாது. உங்கள் பணத்தையோ பொருளையோ தன் பெயரில் பெற்று, கணக்குக் காட்டக்கூடிய, இலங்கையில் சட்டப்படி நிலைபெற்ற ஓர் அமைப்பு வேண்டும். உங்கள் சபை எந்தத் திருச்சபையைச் சேர்ந்ததோ அதன் வழியாகத் தேடுவதே எளிது. மெதடிஸ்டுகளுக்கு இலங்கை மெதடிஸ்ட் திருச்சபையும், ஆங்கிலிக்கர்களுக்கு இலங்கைத் திருச்சபையும் இருக்கின்றன. கத்தோலிக்கப் பங்குகள் தங்கள் திருச்சபையின் சமூகப் பணி அமைப்பான காரித்தாஸின் வழியே போகலாம். நுவரெலியா மாவட்டம் கண்டி மறைமாவட்டத்துக்குள்ளும், பதுளை மாவட்டம் பதுளை மறைமாவட்டத்துக்குள்ளும் வருவதால், எந்தத் தோட்டம் என்று முடிவானதும் எந்த அலுவலகத்துக்கு எழுதுவது என்பதும் தெளிவாகிவிடும். எந்தப் பெரிய திருச்சபையோடும் சேராத சுயாதீன சபையானால், அங்கே 1980ஆம் ஆண்டின் தன்னார்வச் சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற ஓர் அமைப்பைத் தேடி, அதன் பதிவுச் சான்றிதழின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

அவர்களிடமிருந்து நான்கு காகிதங்கள் உங்கள் கைக்கு வர வேண்டும்: பதிவுச் சான்று, வங்கிக் கணக்கு விவரம் அடங்கிய வங்கியின் கடிதம், கடைசியாகத் தணிக்கை செய்யப்பட்ட கணக்கு, எந்தத் தோட்டத்தில் எத்தனை குடும்பங்களுக்கு என்ன தேவை என்று எழுதி ஒப்பமிட்ட கோரிக்கைக் கடிதம். கடைசியில் சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. வங்கி கேட்பதும் அதைத்தான், சுங்கம் கேட்பதும் அதைத்தான். ஊழியக்காரர் ஒருவர் தம் சொந்தக் கணக்கு எண்ணைக் கொடுத்து, 'இதில் போட்டுவிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்' என்றால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். பின்னால் சந்தேகம் எழும்போது முதலில் அடிபடுவது அவர் பெயர்தான்.

2. உங்கள் சபையின் தீர்மானம் எழுத்தில் இருக்கட்டும்

சபைக் குழுவோ பங்குப் பேரவையோ கூடி, நோக்கம், உச்சத் தொகை, கையொப்பமிடும் இருவர், கணக்குச் சமர்ப்பிக்கும் நாள் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் பதிவு செய்ய வேண்டும். ஒரு பக்கம் போதும். அந்தப் பக்கத்தின் நகலை வங்கி அதிகாரி நிச்சயம் கேட்பார்.

3. காணிக்கை சேர்த்தல்

சபை உறுப்பினர்களிடம் ஆராதனையில் திரட்டுவது வேறு, கடைத்தெருவிலும் வீடு வீடாகவும் வசூலிப்பது வேறு. பின்னதற்கு 1947ஆம் ஆண்டின் வீடு மற்றும் தெரு வசூல் சட்டப்படி போலீசின் உரிமம் வேண்டும். வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் உற்சாகத்தில் உண்டியலைத் தூக்கிக்கொண்டு மஸ்ஜித் இந்தியா பக்கம் கிளம்புவதற்கு முன் இதைச் சொல்லிவைப்பது நல்லது.

கைப்பேசியால் பணம் செலுத்த உதவும் டூயிட்நவ் கியூஆர் அட்டையை ஒட்டுவதானால் அது சபையின் கணக்குக்குரியதாகவே இருக்க வேண்டும். பொருளாளரின் சொந்தக் கணக்கில் பணம் சேர்ந்து, பிறகு அங்கிருந்து மொத்தமாக வெளிநாட்டுக்குப் போனால், 2001ஆம் ஆண்டின் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின்கீழ் வங்கி கேள்வி எழுப்ப எல்லா நியாயமும் உண்டு.

வரிக்கழிவு பற்றிய வாக்குறுதியிலும் கவனம் தேவை. வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் உள்நாட்டு வருமான வரி வாரியம் அங்கீகரித்த நிறுவனத்தின் ரசீதுக்குத்தான் கழிவு கிடைக்கும். உங்கள் சபைக்கு அந்த அங்கீகாரம் இல்லையென்றால், 'இந்த ரசீது வரிக்கழிவுக்கு உரியதன்று' என்று ரசீதிலேயே அச்சிட்டுவிடுங்கள். ஏப்ரல் மாதத்தில் வரும் தொலைபேசி அழைப்புகள் பாதியாகக் குறையும்.

4. பணத்தை அனுப்புதல்

என் கருத்தில் ஒரு சபை செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியம் பணமாக அனுப்புவதுதான். அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

வங்கி வழியாக, நாடுகளுக்கிடையே வங்கிகள் பணம் மாற்றப் பயன்படுத்தும் ஸ்விஃப்ட் முறையில் அனுப்புங்கள். சிறு தொகையானால், 2011ஆம் ஆண்டின் பணச் சேவைத் தொழில் சட்டப்படி மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் உரிமம் பெற்ற பணப்பரிமாற்ற நிறுவனத்தையும் நாடலாம். உரிமம் பெற்றவர்களின் பட்டியலைப் பேங்க் நெகாராவின் இணையத்தளத்திலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். இங்கே ஒருவரிடம் ரொக்கத்தைக் கொடுத்தால் அங்கே வேறொருவர் வீட்டுக்கே கொண்டுவந்து ரூபாயாகக் கொடுக்கும் 'உண்டியல்' வழி விரைவானது, மாற்று விகிதமும் கவர்ச்சியாகவே இருக்கும். ஆனால் அது சட்டத்துக்குப் புறம்பானது, ரசீதும் கிடையாது. சபைப் பணத்தை அந்த வழியில் அனுப்பிவிட்டு ஆண்டுக் கூட்டத்தில் எந்தக் காகிதத்தைக் காட்டுவீர்கள்?

வங்கிக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டியவை: சபைக் குழுவின் தீர்மானம், பெறுபவரின் பதிவுச் சான்று, அவர்களது கோரிக்கைக் கடிதம், கையொப்பமிடும் இருவரின் அடையாள அட்டைகள். படிவத்தில் 'நோக்கம்' என்ற கட்டத்தில் வெறுமனே 'உதவி' என்று எழுதினால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். எங்கள் விண்ணப்பத்தை ஏற்ற அதிகாரி அந்தக் கட்டத்தில் பேனா முனையை வைத்துக்கொண்டு, 'யாருக்கு, எதற்கு, எந்தக் கடிதத்தின்படி' என்று மூன்று கேள்விகள் கேட்டார். பதில் இப்படி இருந்தால் போதும்: 'இன்ன தோட்டத்தின் இத்தனை மாணவர்களுக்குப் பள்ளிப் பொருள்கள் வாங்க, இன்ன தேதியிட்ட கோரிக்கைக் கடிதத்தின்படி நன்கொடை.'

பெறுபவரின் பெயர் கணக்கில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். திருச்சபைகளின் கணக்குகள் பெரும்பாலும் நாம் அழைக்கும் சபைப் பெயரில் இருப்பதில்லை. சொத்துப் பொறுப்பாளர் குழுவின் பெயரிலோ மறைமாவட்டத்தின் பெயரிலோ இருக்கும். பெயர் பிசகினால் பணம் வாரக்கணக்கில் நடுவழியில் கிடந்து, கட்டணமும் கழிக்கப்பட்டுத் திரும்பி வரும்.

கட்டணத்தில் மூன்று வகை உண்டு: முழுவதையும் அனுப்புபவர் ஏற்பது, இருவரும் பகிர்வது, முழுவதையும் பெறுபவர் ஏற்பது. பகிரும் முறையைத் தேர்ந்தால் இடையில் உள்ள வங்கியும் தன் பங்கைக் கழித்துக்கொள்ளும், அங்கே சேரும் தொகை உங்கள் குறிப்பேட்டில் உள்ளதைவிடக் குறையும், கணக்குப் பொருந்தாது. எனவே முதல் வகையைத் தேர்ந்து, அந்தச் செலவைச் சபையின் நிர்வாகச் செலவாகவே எழுதுங்கள். சிறு சிறு தொகையாகப் பல முறை அனுப்புவதைவிடத் திரட்டி ஒரே முறை அனுப்பினால் கட்டணம் மிச்சமாகும். முதல் முறை அனுப்பும்போது மட்டும் ஒரு சிறு தொகையை அனுப்பி, அது சேர்ந்த விவரத்தை எழுத்தில் வாங்கிய பிறகு மீதியை அனுப்புங்கள்.

கையில் ரொக்கமாகக் கொண்டுபோவதைத் தவிருங்கள். 10,000 அமெரிக்க டாலர் மதிப்பைத் தாண்டும் ரொக்கத்தை மலேசியாவிலிருந்து வெளியேறும்போது சுங்கத் துறையின் 22ஆம் எண் படிவத்தில் அறிவிக்க வேண்டும். அதற்குக் குறைவான தொகையாக இருந்தாலும், அதைச் சுமப்பவரின் தூக்கம் போவதுதான் மிச்சம்.

5. பொருள்களை அனுப்புவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள்

பழைய துணிகளை வேண்டாம் என்று சொல்ல ஒரு சபைக்குத் துணிச்சல் வேண்டும். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். அவற்றை அனுப்பும் செலவில் அங்கேயே புதுத் துணி வாங்கிவிடலாம் என்பது சரக்குக் கட்டண விவரத்தைப் பார்த்தவுடன் விளங்கிவிடும். நுவரெலியாவின் குளிருக்குக் கோலாலம்பூரின் மெல்லிய பருத்திச் சட்டைகள் எந்த விதத்திலும் உதவா. கம்பளிப் போர்வையும் குளிர்ச் சட்டையும் அந்த ஊர்க் கடைகளிலேயே கிடைக்கின்றன.

பள்ளிப் பொருள்களும் அப்படித்தான். இலங்கையில் பள்ளிச் சீருடைத் துணியை அரசே இலவசமாகத் தருகிறது; இங்கே நாம் வாங்கும் நீல நிறம் அங்கே பொருந்தாது. கொப்பிகள் அந்தப் பள்ளி ஆசிரியர் கேட்கும் பக்க அளவிலும் கோட்டிலும் இருக்க வேண்டும். சிறிய வகுப்புகளுக்குச் சதுரக் கோட்டுக் கொப்பி, பெரிய வகுப்புகளுக்கு ஒற்றைக் கோடு, கணக்குப் பதிய சி.ஆர். கொப்பி என்று ஆசிரியர் பட்டியலிட்டுத் தருவார். அட்டன் கடைத்தெருவில் மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும், நெருக்கடியில் தள்ளாடிய அந்த ஊர் வியாபாரிக்கும் நாலு காசு சேரும். காலணிக்கு மட்டும் ஒரு யோசனை: எண் அளவைக் கேட்டு எழுதாதீர்கள். பல பிள்ளைகளுக்குத் தங்கள் அளவு தெரியாது, தாய்மார் சொல்வதும் போன ஆண்டின் அளவாக இருக்கும். ஒவ்வொரு பிள்ளையையும் பழைய நாளிதழ்த் தாளின் மேல் நிற்க வைத்து, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, உள்ளே பெயரும் வகுப்பும் எழுதி, அந்தத் தாள்களையே கடைக்காரரிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் இங்கிருந்து அனுப்பியே தீர வேண்டிய பொருள் ஏதாவது இருந்தால், சக்கர நாற்காலி போன்றவை அப்படிப்பட்டவை, பின்வருவனவற்றைத் தயார் செய்யுங்கள்: பொருள்வாரியான பட்டியல், ஒவ்வொன்றின் நியாயமான மதிப்பு, விற்பனைக்கு அல்ல என்று கூறும் நன்கொடைக் கடிதம், பெறும் அமைப்பின் ஏற்புக் கடிதம், பில் ஆஃப் லேடிங் எனப்படும் கப்பல் சரக்குச் சீட்டு. நன்கொடைதானே என்று மதிப்பைச் சுழியமாகப் போடுவது பலரும் விழும் பள்ளம்; சுங்க அதிகாரி தாமே ஒரு மதிப்பைப் போட்டுவிடுவார், அது நமக்குச் சாதகமாக இருக்காது. வரிவிலக்கு தானாகக் கிடைப்பதன்று. அங்கே உள்ள அமைப்புதான் முன்கூட்டியே விண்ணப்பித்து ஒப்புதல் பெற வேண்டும். அந்த ஒப்புதலின் நகல் கைக்கு வரும்வரை பெட்டியைப் போர்ட் கிள்ளானுக்கு அனுப்பாதீர்கள். கடல்பயணம் நீண்டதன்று. கொழும்புத் துறைமுகத்தில் காகிதத்துக்காகப் பெட்டி காத்துக்கிடக்கும் நாள்களுக்கு ஏறும் வாடகைதான் பொருளின் விலையை விழுங்கிவிடும்.

மருந்து பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இலங்கையில் 2015ஆம் ஆண்டின் 5ஆம் எண் சட்டப்படி அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் நன்கொடை மருந்துகளை உள்ளே கொண்டுவர முடியாது. நன்கொடை மருந்து போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டு காலாவதிக்காலம் மீதமிருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். வீட்டு அலமாரியில் மிஞ்சிய மாத்திரைகளைச் சேகரிப்பதை அறிவிப்பிலேயே தடுத்துவிடுங்கள்.

6. ஆள்கள் போவதானால்

போவதா என்பதையே முதலில் கேளுங்கள். ஒருவருக்கு விமானம், வண்டி, தங்குமிடம், காப்புறுதி எல்லாம் சேர்த்து 2,000 ரிங்கிட் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 12 பேர் கொண்ட குழுவுக்கு 24,000 ரிங்கிட் ஆகும். திரட்டிய நிதி 15,000 என்றால் இந்தக் கணக்கை யாரிடமும் நியாயப்படுத்த முடியாது. பார்வையிட்டு அறிக்கை தர மூவர் போதும், அவர்கள் தம் சொந்தச் செலவில் போகட்டும்.

கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். ஐந்தாண்டுக் கடப்பிதழுக்குப் பெரியவர்களுக்கு 200 ரிங்கிட், 60 வயதைக் கடந்தவர்களுக்கு 100 ரிங்கிட். இலங்கைக்குள் நுழைய இணையத்தில் மின்னணுப் பயண அனுமதி பெற வேண்டும். தேடுபொறியில் முதலில் வந்து நிற்கும் இடைத்தரகர் தளங்கள் கூடுதல் கட்டணம் பறிக்கும். இலங்கைக் குடிவரவுத் திணைக்களத்தின் அரசு முகவரியைத்தான் திறக்கிறீர்களா என்று பாருங்கள், அன்றைய கட்டணமும் அங்கேயே இருக்கும்.

சுற்றுலா அனுமதியில் போய் மேடை போட்டுப் பிரசங்கக் கூட்டம் நடத்துவது அந்த அனுமதியின் நோக்கத்துக்கு மாறானது. ஊழியத்துக்கென்றே போவதானால் அங்குள்ள திருச்சபைத் தலைமை, கிறிஸ்தவ சமய விவகாரத் திணைக்களத்தின் பரிந்துரையோடு அதற்குரிய விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். மாதக்கணக்கில் தங்குபவர்களிடம் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கப்படலாம். அதை மலேசிய வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ரா வழங்குகிறது, கட்டணம் 20 ரிங்கிட், கைக்கு வர ஒரு மாதமாவது ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காலத்தைத் தேர்வதில் மழையைப் பாருங்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை அட்டன், மஸ்கெலியாப் பக்கச் சரிவுகளில் கொட்டும்; அக்டோபர், நவம்பர் மாதங்களில் மலையகம் முழுவதும் மண்சரிவு அச்சம் இருக்கும். தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கிறது. போக வேண்டிய பிரதேசத்துக்குச் செம்மஞ்சள் வந்தாலே பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மாற்றக்கூடிய பயணச்சீட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் இங்கே வீண்செலவன்று. பிப்ரவரி, மார்ச் மாதங்கள் பொதுவாக வசதியானவை. ஆனால் அங்கே பள்ளி ஆண்டு வழக்கமாக ஜனவரியில் தொடங்குவதால், பள்ளிப் பொருள்களுக்கான பணம் மட்டும் நவம்பர் இறுதிக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

மலேரியா இல்லாத நாடு என்று இலங்கையை உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது, டெங்கி இருக்கிறது. அதில் நமக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

7. தோட்டத்துக்குள் நுழையும்போது

தோட்டங்கள் நிறுவனங்களின் நிர்வாகத்தில் உள்ளவை. தோட்டத் துரையின், அதாவது மேலாளரின், எழுத்து அனுமதி இல்லாமல் வண்டியை உள்ளே விடமாட்டார்கள். அந்த அனுமதியை அங்குள்ள அமைப்பு இரண்டு வாரங்களுக்கு முன்பே பெற்றிருக்க வேண்டும். கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலகத்துக்கும் ஒரு தகவல் கடிதம் போயிருந்தால் இன்னும் நல்லது.

பெறுவோர் பட்டியலில் வெறும் பெயர் போதாது. ஒரே லயத்தில், அதாவது தொழிலாளர் வீடுகளின் ஒரே வரிசையில், மூன்று லெட்சுமிகள் இருப்பார்கள். பல லயன் வீடுகளுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதங்கள்கூடத் தோட்ட அலுவலகத்துக்குத்தான் வருகின்றன. ஆகவே தோட்டப் பிரிவு, லயன் எண், வீட்டு எண், குடும்பத் தலைவர் பெயர், தேசிய அடையாள அட்டை எண் என்ற வரிசையில் பட்டியல் அமையட்டும். அடையாள அட்டை எண்ணுள்ள பிரதி அங்கேயே இருக்கட்டும். உங்களுக்கு வரும் பிரதியில் அது தேவையில்லை, வாட்ஸ்அப் குழுவில் அதைப் பகிரவே கூடாது.

வாரநாளில் காலை பத்து மணிக்கு விநியோகம் வைத்தால், கொழுந்து பறிக்கும் பெண்கள் பேரை, அதாவது அன்றைய வேலைப் பதிவை, இழந்து வர வேண்டியிருக்கும். கால் மூட்டை அரிசிக்காக ஒரு நாள் கூலி போவது உதவியாகாது. ஞாயிறு பிற்பகலோ, வேலை முடிந்த மாலை ஐந்து மணிக்குப் பிறகோ வையுங்கள். இடம் தோட்டத்துப் பொது மண்டபமாகவோ, குழந்தைகள் காப்பகமான பிள்ளை மடுவமாகவோ இருக்கட்டும். தேவாலயமாக இருக்க வேண்டாம். மலையகத்தில் பெரும்பான்மையோர் இந்துக்கள். ஆராதனையில் உட்கார்ந்தால்தான் பொதி கிடைக்கும் என்ற எண்ணம் ஒருமுறை பரவிவிட்டால், அதன் பின்விளைவை நீங்கள் திரும்பி வந்த பிறகு அங்குள்ள போதகர்தான் சுமப்பார். நிவாரணம் இனம், சமயம் பாராமல் தேவையின் அடிப்படையில் மட்டுமே தரப்பட வேண்டும், அது சமயக் கருத்தைப் பரப்பும் கருவியாகக் கூடாது என்று 1994ஆம் ஆண்டின் செஞ்சிலுவை இயக்க நடத்தை நெறி சொல்கிறது. பல கிறிஸ்தவ நிவாரண அமைப்புகள் அதில் ஒப்பமிட்டவை. உங்கள் குழுவினர் புறப்படும் முன் அதைப் படித்து ஒப்பமிடட்டும்.

பொதியைப் பெறும்போது குடும்பத்தினரைப் பதாகையின் முன் நிறுத்திப் படமெடுக்கும் வழக்கத்தை விட்டுவிடலாம். சபைக்குக் காட்டப் படம் வேண்டுமென்றால் அடுக்கிய பொருள்களையும் கடை ரசீதுகளையும் எடுங்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் படத்துக்குப் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும்.

8. கணக்கை முடித்தல்

பணம் சேர்ந்த நாளிலிருந்து 60 நாள்களுக்குள் அங்கிருந்து வர வேண்டியவை: வங்கியின் வரவுச் சீட்டு, கடை ரசீதுகளின் நகல், ஒப்பமோ கைரேகையோ இட்ட விநியோகப் பட்டியல், மீதித் தொகை எவ்வளவு என்ற ஒரு வரி. இந்த 60 நாள்களை முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டால், பிறகு கேட்கும்போது யாரும் மனம் வருந்த மாட்டார்கள். ரூபாய்க் கணக்கை ரிங்கிட்டாக மாற்றும்போது, வரவுச் சீட்டில் உள்ள அன்றைய விகிதத்தையே பயன்படுத்துங்கள். இன்றைய விகிதத்தைப் போட்டால் கூட்டல் ஒருபோதும் பொருந்தாது.

மீதியை என்ன செய்வது என்பதை அங்குள்ளவர்கள் தாங்களாக முடிவு செய்யாமல், எழுதிக் கேட்டு உங்கள் குழுவின் ஒப்புதல் பெறட்டும். பெரும்பாலும் அடுத்த தவணைக் கொப்பிகளுக்கே அது சரியாகப் போகும். ரசீதுகளையும் வங்கிக் காகிதங்களையும் ஏழு ஆண்டுகள் பத்திரப்படுத்துங்கள். உங்கள் சபை சங்கப் பதிவிலாகாவில் பதிவு பெற்றதாக இருந்தால், ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாள்களுக்குள் சமர்ப்பிக்க வேண்டிய ஆண்டறிக்கைக் கணக்கில் இந்த நிதியைப் பொதுக் காணிக்கையோடு கலக்காமல் தனித் தலைப்பில் காட்டுங்கள்.